கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியைப் பற்றி அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். ஐந்து நாளும் அங்கே கடை போட்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. என் தம்பி மகன்தான் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினான். வண்ணப் படத்துக்குக் கீழே, 'குமரி மாவட்டத்துப் பனையோலைக் கூடைகளை ஆர்வத்துடன் பார்வையிடும் பெண்கள்' என்று எழுதியிருந்தது. படத்தில் இருப்பது என் கடை இல்லை, பக்கத்துக் கடை. அது போகட்டும். அந்தக் கூடைகள் பனையோலையே இல்லை. காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கி, அச்சின் மேல் சுற்றிப் பசை போட்டு ஒட்டியவை. அவற்றை அட்டைப் பெட்டியிலிருந்து பிரிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பெட்டியில் ஒட்டியிருந்த லாரி சீட்டில் வடக்கே எங்கோ ஓர் ஊர்ப் பெயர் இருந்தது.

உங்கள் நிருபர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கிட்ட வந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரிதான் அந்தக் கண்காட்சி நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கைவினைக் கண்காட்சி என்று பெயர் வைத்தால் கையால் செய்கிறவருக்குக் கடை கொடுங்கள், அந்தக் கடையில் உட்கார்ந்து செய்வதற்கு இடமும் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பத்திரிகையை எல்லைக்கு அந்தப் பக்கமும் படிக்கிறார்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். வயது 58. அப்பா பனையேறி. காலையிலும் மாலையிலும் அவர் இறக்கி வரும் அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது அம்மாவின் வேலை. அடுப்பெரியும்போதே அம்மாவின் கை பெட்டி முடைந்துகொண்டிருக்கும். எனக்கு ஒன்பது வயதில் முதல் பெட்டியின் அடி போடச் சொல்லிக்கொடுத்தார். அது கோணிப்போனது, பிரித்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். இப்போது எங்கள் தெருவில் நானும் என் மதினியும் இன்னும் நாலு பேருமாக ஆறு பெண்கள் முடைகிறோம். எங்களுக்கு அடுத்தபடியாக யாரும் கற்றுக்கொள்ள வரவில்லை.

ஒரு பெட்டி எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் விலைக்கணக்கு விளங்காது. பெட்டிக்கு வேண்டியது குருத்தோலை. விரிந்து பச்சையான சார்வோலை வேலி கட்டவும் கூரை வேயவும் ஆகும், பெட்டிக்கு ஆகாது. குருத்தைக் கண்டபடி வெட்டினால் பனை தளர்ந்துவிடும் என்று அப்பா ஒரு பனையில் ஒன்றுக்கு மேல் கை வைக்கமாட்டார். வெட்டிய குருத்தைப் பிரித்து வெயிலிலும் பனியிலும் மாறி மாறிப் போட்டால் நாலைந்து நாளில் பச்சை போய் வெளுக்கும். அதற்குள் ஒரு மழை பெய்துவிட்டால் ஓலையில் கறுப்புப் புள்ளி விழும், பிறகு எந்தச் சாயத்தாலும் அதை மறைக்க முடியாது. வெளுத்த ஓலையில் ஈர்க்கை உருவி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, சாயம் வேண்டியதைச் சாயம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி வைப்போம். முடைய உட்காரும்போது ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும், ரொம்ப நனைந்த ஓலை முடைந்த பிறகு சுருங்கி இடைவெளி காட்டும். எவ்வளவு ஈரம் வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும். அடியைப் போட்டு, நாலு மூலையைத் திருப்பி, சுவரை ஏற்றி, வாய்க்கு வந்ததும் மட்டையிலிருந்து உரித்த அகணி நாரால் விளிம்பைக் கட்டுவோம். கைப்பிடி வைத்த ஒரு தூக்குப்பெட்டி முடிய, வீட்டு வேலைக்கு நடுவில், எனக்கு ஒரு நாள் முழுதாக ஆகிறது. மூடி போட்ட பெட்டி என்றால் இரண்டு நாள். மூடி இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது.

ஓலையும் இப்போது சும்மா கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்துப் பனைவிளைகளில் பாதிக்கு மேல் ரப்பர் வந்துவிட்டது. பனை நம் மாநில மரம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது, ரொம்ப நல்ல காரியம். ஆனால் நிற்கிற பனையில் ஏற ஆள் வேண்டுமே. அப்பாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறவில்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும் ஓலையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

முன்பெல்லாம் விற்பதற்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் சந்தை நடந்த நாளே ஊர்ப் பெயராகிவிட்ட ஊர்கள் உண்டு: திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை. அம்மா சும்மாட்டின் மேல் பெட்டியை அடுக்கிக்கொண்டு கருங்கல் சந்தைக்கு நடப்பார், நான் பின்னால் ஓடுவேன். கருப்பட்டி வியாபாரி பெட்டிகளைச் சோடி சோடியாக வாங்குவார். உப்புக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, நெல் அள்ளக் கடவம், புடைக்கச் சுளவு என்று வீட்டுக்கு வீடு ஓலைச் சாமான் இருந்தது. யார் முடைந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், முடைந்தவளின் முகம் எல்லோருக்கும் தெரியும். 'போன தடவை வாங்கினது வாய்க்கட்டு விட்டுட்டு, பாத்துக் கட்டு பிள்ளே' என்று உரிமையோடு திட்டுவார்கள். அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து நார் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்குவார். பிளாஸ்டிக் வந்த பிறகு சந்தையில் எங்கள் இடம் சுருங்கிவிட்டது. இப்போது கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும், மாசியில் மண்டைக்காட்டுக் கொடையும் வந்தால் பத்து நாள் வியாபாரம். மற்ற நாளெல்லாம் வடக்கே பார்க்க வேண்டியதுதான்.

வடக்கே என்றால் எங்களுக்குத் திருவனந்தபுரம். எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாங்களும் அந்த நாட்டுக்காரர்கள்தானே. எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டினால் பேச்சு மாறுமே தவிர பெட்டி மாறாது. ஓணத்துக்கு முன்பு அங்கே பூ பறிக்கிற பிள்ளைகளுக்கு வட்டி கேட்பார்கள்; வட்டி என்றால் பூ பறித்துப் போடுகிற சின்ன ஓலைக்கூடை. எங்கள் பக்கமும் அத்தப்பூ போடுகிறவர்கள் வாங்குவார்கள் என்றாலும், எண்ணிக்கையாகப் போவது அங்கேதான். 'சேச்சி, எந்தா வில?' என்று கேட்டால் மலையாளத்திலேயே பதில் சொல்லுவேன். அவர்கள் ஓலையைத் தொட்டுப் பார்த்ததுமே, 'அம்மூம்மயுடெ வீட்டில் உண்டாயிருந்நு' என்பார்கள். அவர்கள் பாட்டி வீட்டிலும் இதே பெட்டி இருந்திருக்கிறது.

எல்லையைத் தாண்டுவதில் ஒரு சங்கதி இருக்கிறது, பலருக்கும் தெரியாது என்பதால் எழுதுகிறேன். தம்பி மகன் கணக்கு எழுதும் இடத்தில் வேலை பார்க்கிறான், அவன்தான் விளக்கினான். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் கைவினைஞர் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் அந்த விலக்கோடு ஒரு நிபந்தனையும் வருகிறது. பொதுவாகச் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில், அதாவது சரக்கைக் கொண்டுபோக இணையத்தில் பதிந்து எடுக்கும் சீட்டு, வேண்டும். பதிவு இல்லாத கைவினைஞர் தன் பொருளை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனாலோ, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். லட்ச ரூபாய்ச் சரக்குக்கு வைத்த காகிதத்தை, 3,000 ரூபாய்க்குப் பெட்டிகளைப் பஸ்ஸின் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போகிறவளுக்கும் வைத்திருக்கிறார்கள். என்னை இதுவரை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. என்றாலும் தெரிந்துகொண்ட பிறகு சும்மா போக மனது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கைப்பேசியில் போட்டுத் தருகிறான், அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். அவன் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு சின்ன மதிப்பு வரைக்கும், கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்காவது, இதை விட்டுக் கொடுத்தால் எல்லையோரத்தில் உள்ளவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன்.

ஐந்து நாளுக்குக் கடை வாடகை 4,000 ரூபாய். முன்பணமாகக் கட்டினோம். ஆறு பேரும் சேர்ந்து முடைந்த தொண்ணூறுக்கு மேற்பட்ட பெட்டிகளோடு நான் போனேன். தங்கினது உறவுக்காரர் வீட்டில். முதல் நாள் காலையில் மேசை விரித்து, சிறியதை முன்னால், பெரியதைப் பின்னால், மூடிப் பெட்டியை மேலே என்று அடுக்கினேன். பத்து மணிக்குப் பக்கத்துக் கடைக்காரர் வந்தார். நல்ல மனுஷர்தான், எனக்குச் சாயா வாங்கித் தந்தார். பன்னிரண்டு மணிக்குள் அவர் மேசையில் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே சாய்வில் முந்நூறு கூடைகளாவது ஏறிவிட்டன. மேலே துணிப் பலகை: 'கைவினைக் கூடைகள்'. என் கடைக்கு மேலேயும் அதே எழுத்து, அதே நிறம். கண்காட்சி நடத்தியவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அடித்துக் கொடுத்தது.

சாயங்காலம் கல்லூரியில் படிக்கிற மாதிரி ஒரு பெண் வந்தாள். என் தூக்குப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலை 280 என்றேன். 'அம்மே, அவிடெ நூற்றியிருபதே உள்ளல்லோ' என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே 120, இங்கே 280. இரண்டுக்கும் மேலே ஒரே பலகை. நான் வாயால் என்ன சொன்னாலும் விற்கிறவள் சொல்கிற சொல்தானே அது. பெட்டியை வைத்துவிட்டு, 'பிறகு வர்றேன்' என்கிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள். முதல் நாள் 760 ரூபாய், இரண்டாம் நாள் 1,090.

மூன்றாம் நாள் காலையில் மதினிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். 'விலையைக் குறைக்காதே மக்கா. நீ ஓலையை எடுத்து அங்கேயே முடையத் தொடங்கு, ஆளு தானா வரும்' என்றாள். பழுது பார்க்க என்று கொஞ்சம் ஓலையும் நாரும் கொண்டுபோயிருந்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு, கடைக்கு முன்னால் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர், ஒரு ஈரத்துணி. அவ்வளவுதான்.

அடி போட்டு முடிக்கும் முன்பே நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். சுவர் ஏறும்போது பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்று ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிவைத்தார். ஒரு வயதான அம்மா என் எதிரில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, 'மூலை திருப்புவது மட்டும் எனக்கு மறந்துபோச்சு, மெதுவாகச் செய்' என்று மலையாளத்தில் கேட்டார். அவர் கையில் நாலு ஓலையைக் கொடுத்தேன். விரலுக்கு நினைவிருந்தது. ஒரு மூலையைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. முதல் நாள் வந்த அந்தக் கல்லூரிப் பெண்ணும் தோழிகளோடு வந்தாள். முக்கால் மணி நேரம் நின்று பார்த்தாள். 280 ரூபாய்க்கு ஏன் என்று அவள் மறுபடி கேட்கவே இல்லை, இரண்டு வாங்கினாள். அன்றைக்கு மட்டும் 3,950 ரூபாய்.

நாலாம் நாள் காலையில் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்து, நடைபாதையில் உட்காரக் கூடாது, தரை நனைகிறது, ஓலைத் துண்டு குப்பையாகிறது, கடைக்குள்ளேயே இருந்து விற்பனையை மட்டும் பாருங்கள் என்றார். குப்பையை நானே பெருக்கிவிடுகிறேன் என்றேன். மற்றக் கடைக்காரர்கள் கூட்டம் மறைக்கிறது என்று சொல்கிறார்களாம். கடைக்குள்ளே மேசை போட்ட பிறகு கால் நீட்ட இடமில்லை. சாக்கை மடித்து வைத்தேன். அன்றைக்கு 1,420. கடைசி நாள் ஞாயிறு என்பதால் 2,300.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளில் 38 பெட்டிகள், 9,520 ரூபாய். வாடகை 4,000, பஸ்ஸும் ஆட்டோவும் சுமையுமாக 1,300, சாப்பாடு 900. மீதி 3,320. ஒரு பெட்டிக்கு 87 ரூபாய் சொச்சம். ஓலை வாங்கிய காசும் சாயமும் அதற்குள்தான். மூன்றாம் நாள் மாதிரி இன்னும் இரண்டு நாள் உட்கார விட்டிருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

அதே கண்காட்சியில் எங்களுக்கு நாலு கடை தள்ளி உண்ணியப்பம் சுட்டு விற்றார்கள். அடுப்பு, எண்ணெய், புகை எல்லாம் இருந்தது. அதற்கு அனுமதி கொடுத்தது சரிதான். கண்ணெதிரே சுடுகிற பண்டத்துக்குத்தான் ஜனம் வரும் என்பது குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுக்களின் பெண்கள் நடத்தும் உணவு மேளாவைப் பார்த்த எவருக்கும் தெரியும். அப்பம் சுட அடுப்பு வைக்கலாம் என்றால் பெட்டி முடைய ஒரு டப்பா தண்ணீர் வைக்கக் கூடாதா?

இது நடக்காத காரியமும் இல்லை. கோழிக்கோடு மாவட்டத்தில் இரிங்ஙல் என்ற ஊரில் 2011-ல் தொடங்கிய சர்காலயா கைவினைக் கிராமத்தில், செய்கிறவர்கள் குடில்களில் உட்கார்ந்து வேலை செய்வதை வருகிறவர்கள் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். கோவளத்துக்குப் பக்கத்தில் வெள்ளாறிலும் அப்படி ஒரு கைவினைக் கிராமம் இருக்கிறது. 1994-ல் திறந்த தில்லி ஹாட்டில் அட்டை வைத்திருக்கும் கைவினைஞர்களுக்கு 15 நாள் முறைவைத்துக் கடை ஒதுக்குவது வழக்கம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கொடுக்கிற அடையாள அட்டை என்னிடமும் இருக்கிறது. போட்டோ, கைவினையின் பெயர் எல்லாம் அதில் உண்டு. விண்ணப்பத்தோடு அதன் நகலை வைத்தேன். அதைப் பார்த்துக் கடை கொடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. யார் முதலில் வாடகை கட்டினார்களோ அவர்களுக்குக் கடை.

இங்கே ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் மேசையில் இருந்த பெட்டிகள் எல்லாம் என் கையால் முடைந்தவை அல்ல. மதினியும் மற்ற நாலு பேரும் வர முடியாது. ஒருத்திக்குப் படுத்த படுக்கையாய் மாமியார், ஒருத்திக்கு முட்டுவலி. அவர்கள் முடைந்ததையும் நான்தான் விற்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கம் வாய்க்கட்டுக்குக் கீழே ஒரு நூல் முடிச்சு இருக்கும். சிவப்பு என்னுடையது, மஞ்சள் மதினியுடையது, பச்சை முட்டுவலிக்காரியுடையது. எது விற்றதோ அந்த நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து நூலை எண்ணித்தான் காசு பிரிப்போம். ஆகவே 'தான் செய்ததை மட்டும் விற்க வேண்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு விதி போட்டால் முதலில் அடிபடுவது என்னைப் போன்ற குழுக்கள்தான். கடையில் இருப்பவருக்கு அந்த வேலை தெரியவேண்டும், விற்கிற பொருளைச் செய்தவர் யார் என்று அவர் ஊரும் வீடும் காட்டிச் சொல்ல முடியவேண்டும். இது போதும். விண்ணப்பம் வாங்கும்போதே பத்து நிமிடம் உட்காரவைத்து ஓர் அடி போடச் சொல்லுங்கள். அட்டையை இரவல் வாங்கலாம், அடி போடுகிற கையை இரவல் வாங்க முடியாது.

வாங்கி விற்கிறவர்களை விரட்டச் சொல்லவும் இல்லை. எனக்குச் சாயா வாங்கித் தந்த மனுஷருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அவரும் வாடகை கட்டித்தான் வந்தார். அவருக்கு வேறு வரிசை கொடுங்கள். ஒரு வரிசைக்குச் 'செய்து விற்பவர்' என்றும் இன்னொரு வரிசைக்கு 'வாங்கி விற்பவர்' என்றும் பலகை வையுங்கள். 120 ரூபாய்க் கூடை வேண்டியவர் அங்கே போவார், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே பலகையின் கீழ் இரண்டையும் வைப்பதுதான் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறது. செய்கிறவர் வரிசையில் கடைக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி தரை விடுங்கள். வாடகையைக் குறைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தரையை விடுங்கள்.

இது ஓலைக்காரர்கள் பாடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எதிர்க்கடையில் நாகர்கோவில் பக்கத்து லேஸ் பின்னும் ஒரு பெண் இருந்தார். 1820-களில் லண்டன் மிஷன் மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கிய வேலை அது. அடிமைப்பட்டுக் கிடந்த பெண்கள் சம்பாதித்துத் தங்களை மீட்டுக்கொண்ட வேலை என்று எங்கள் சபைகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் ஒரு கைக்குட்டை ஓரத்துக்கு மூன்று நாள் பின்னுகிறார். அவருக்கு இரண்டு பக்கமும் மீட்டர் கணக்கில் மெஷின் லேஸ் தொங்கியது. ஐந்து நாளில் வாடகைக்கு மேல் எவ்வளவு மிஞ்சியது என்று நான் கேட்கவில்லை. கடைசி நாள் மூட்டை கட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கூடையை எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முடைந்த பெட்டியில் அடியில் போட்ட ஓலையேதான் மூலையில் திரும்பிச் சுவராக ஏறியிருக்கும். வெட்டும் ஒட்டும் இருக்காது. ஓலை ஓலைக்கு ஒரு நூல் அகலம் கூடக் குறைய இருக்கும். வாய்க்கட்டில் நாரின் நுனி உள்ளே செருகப்பட்டிருக்கும், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பசையின் பளபளப்போ பின் அடித்த கம்பியோ தெரிந்தால் அது வேறு சரக்கு. மூக்கருகே கொண்டுபோனால் புது ஓலைக்குக் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரு வாசனை உண்டு. அப்புறம், முடைந்தவர் எதிரில் இருந்தால் 'ஒரு ஓலை மடக்கிக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்டால் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும்.

அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் 'கடையில் தேவைப்படும் வசதிகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மின்விளக்கு, மேசை, நாற்காலி என்று மூன்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். நான் கீழே 'முடைய ஆறடித் தரை, ஒரு வாளித் தண்ணீர்' என்று கையால் எழுதியிருக்கிறேன். ஓணத்துக்கு வட்டி முடைய ஓலை வந்து வெயிலில் கிடக்கிறது, இன்னும் இரண்டு நாளில் வார்ந்துவிட வேண்டும்.

உங்கள் படக்காரர் அடுத்த தடவை வரும்போது, ஒரு கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த மூலைக் கடையாக இருந்தாலும் நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓலை முடையும் ஒருத்தி,
கருங்கல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்